பட்டியலில் பத்தாவது பெயர்

விண்ணப்பம் நூற்று நாற்பத்தாறு பக்கம். நியமனப் பிரிவின் அலுவலர் வழக்கம்போல முதலில் அதைப் படிக்கவில்லை, முத்திரை குத்தினாள். வலது மேல் மூலையில் பெற்ற தேதி, அதற்குக் கீழே சிவப்பு மையில் பக்க எண். எண் போட்டு முடிக்கும்வரை எதையும் வாசிக்கக் கூடாது என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வாசிக்க ஆரம்பித்தால் கை தவறும். கை தவறி ஓர் எண் விட்டுப்போனால், நடுவில் ஒரு தாளை யார் உருவினார்கள் என்று அவளைத்தான் கேட்பார்கள்.

தொண்ணூற்றோராம் பக்கத்தில் கை நின்றது.

அந்தப் பக்கத்தில் ஓர் அட்டவணை. 'என் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள்' என்று தலைப்பு. பெயர், ஆய்வுத் தலைப்பு, பட்டம் பெற்ற ஆண்டு. பத்தாவது வரிசையில் அவளுடைய பெயர் இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் எழுதியதுபோல அப்பாவின் முதலெழுத்தோடு. தலைப்பும் அவளுடையதுதான்: கடலோரக் கிணறுகளில் உப்பேற்றம். ஆண்டுக்கான கட்டத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆண்டு.

அவளுக்கு முனைவர் பட்டம் கிடையாது.

தொண்ணூற்றொன்று என்று எண் போட்டாள். மீதி ஐம்பத்தைந்து பக்கங்களுக்கும் போட்டாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

துணைவேந்தர் பதவிக்கான தேர்வு அவள் கையில் வருவது இது ஐந்தாவது முறை. பெரிய பதவிக்கு வருகிறவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை இத்தனை வருஷம் பார்த்ததில் அவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. என்ன படித்தார்கள் என்பது அரைப் பக்கம். எந்தெந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்கள் என்பது முப்பது பக்கம். இளநிலையில் தங்கப் பதக்கம், வெளிநாட்டில் இரண்டு ஆண்டு ஆய்வு, திரும்பி வந்ததும் துறைத் தலைவர், அப்புறம் டீன், அப்புறம் இந்தக் குழு, அந்தக் குழு. ஒருவர் கடைசியாக ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைத்த வருஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், கட்டுரைகளில் அவர் பெயர் முதலிடத்திலிருந்து கடைசி இடத்துக்கு எப்போது நகர்ந்தது என்று பார்த்தால் போதும். அதற்குப் பிறகு வேலை செய்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்த நூற்று நாற்பத்தாறு பக்கத்துக்குச் சொந்தக்காரர் டீன். மூன்று பேர் கொண்ட இறுதிப் பட்டியலில் அவர்தான் முதல் என்று எல்லா வராண்டாவிலும் பேச்சு. அவரிடம் எல்லாம் இருந்தது, ஒன்றைத் தவிர. பத்துப் பேருக்காவது வழிகாட்டி முனைவர் பட்டம் பெறச் செய்திருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு ஒன்பதுதான் தேறியிருந்தது. பத்தாவதைத் துறையின் பழைய பதிவேட்டிலிருந்து பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். பெயர் இருந்தது, தலைப்பு இருந்தது, முடிவு எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து யார் தோண்டப் போகிறார்கள் என்று அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டார்கள்.

அவருடைய மாணவர்கள் அந்தக் காலத்தில் அவருக்கு வைத்த பெயர் 'நாளைக்கு'. அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நாளைக்குப் பார்க்கலாம். கையெழுத்துக் கேட்டால், நாளைக்கு வா. அவள் ஆறு வருஷம் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தாள். அதில் நாலு வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளில் மாதம் தவறாமல் தண்ணீர் மொண்டு, புட்டியில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சோதித்தாள். கிணற்றுக்காரர்கள் அவளை உப்புக்காரி என்று கூப்பிட்டார்கள். ஐந்தாம் வருஷம் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுத்தாள். ஆறாம் வருஷம் முழுக்க அவர் அறை வாசலில் நின்றாள். இன்னும் பழுக்கவில்லை என்றார். அட்டவணைகளை மட்டும் ஒரு பிரதி கொடு, பார்த்து வைக்கிறேன் என்றார். பதிவுக் காலம் முடிந்த அன்று, விதிமுறைப்படி அவள் பெயர் நீக்கப்பட்டதாக ஆய்வுப் பிரிவிலிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. அடுத்த வருஷம் அவருடைய புத்தகம் வந்தது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளும் இருந்தன. முன்னுரையில் அவர் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்தால்தான் பேராசிரியர் ஆனார்.

அவள் அதே பல்கலைக்கழகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தாள். ஏன் அங்கேயே என்று அக்கா அப்போது கேட்டு அழுதாள். வேறெங்காவது போனால் மறந்துவிடுவேன் என்று இவள் பதில் சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கல்யாணமாகி முதலெழுத்து மாறியது, உடம்பு கொஞ்சம் பூசியது, கண்ணாடி வந்தது. படிப்படியாகப் பிரிவு அலுவலர் ஆனாள். லிஃப்டில் எத்தனையோ தடவை அவரோடு மேலே போயிருக்கிறாள். அவர் தலையசைப்பார், கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். போன வருஷம் இருபது ஆண்டுப் பணிக்கான சான்றிதழை மேடையில் அவர்தான் அவளுக்குக் கொடுத்தார். இப்படியே தொடர்ந்து நல்லா வேலை பாருங்கம்மா என்று புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் புகைப்படத்தை அவள் மேசையின் இழுப்பறையில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

எதிர் மேசையில் கண்ணாடி அண்ணன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற பழக்கத்தால் வந்த பெயர். வரவுப் பதிவேடு அவர் பொறுப்பு. இவளுக்கு அவர் வைத்த பெயர் 'நம்பர்'. அதற்கும் கதை உண்டு. ஒருமுறை அவர் தன் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை இவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அது ஒரு பேராசிரியரின் பதவி உயர்வுக் கோப்பில் முந்நூற்றுப் பதினேழாம் பக்கமாக இருந்தது. எண் போட்ட தாளை எடுக்க முடியாது என்று இவள் சொல்லிவிட்டாள். அவர் நகல் எடுத்துக்கொண்டு போய்த்தான் மருந்து வாங்கினார். அந்தப் பேராசிரியருக்கு மூல வியாதி இருந்ததாகக் குழு முடிவு செய்து பரிதாபப்பட்டுப் பதவி கொடுத்துவிட்டது என்று அவர் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். இவள் வேண்டுமென்றே செய்ததல்ல. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கோப்பில் ஒரு தாள் காணாமல் போய், அப்போதிருந்த அலுவலர் வேலையை இழந்தார். அன்றிலிருந்து மேசைக்கு வந்த தாள் கோப்புக்குப் போகும், எண் போட்ட தாள் வெளியே வராது என்பது அந்தப் பிரிவில் எழுதாத சட்டம். மேலே அறைகளில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் தாள்களை உதவியாளர்கள்தான் கீழே கொண்டுவருவார்கள்.

அவள் தொண்ணூற்றோராம் பக்கத்தை அண்ணனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி இரண்டு தடவை படித்தார். விஷயம் அவருக்கு முன்பே தெரியும். அலுவலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"உன் பேரை வெச்சே படி ஏறப் பாக்குறானே. சரிபார்ப்புத் தாள்ல 'பொய்'னு எழுதிடு. அத்தோட முடிஞ்சுது."

அவ்வளவு எளிதாக முடியாது என்று அவளுக்குத் தெரியும். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ள விண்ணப்பதாரருக்கு ஏழு நாள் உண்டு. அவள் குறித்து அனுப்பினால், உதவியாளர் தவறாகத் தட்டச்சு செய்துவிட்டார் என்று சொல்லி அந்தத் தாளுக்குப் பதில் வேறொரு தாள் வரும். வேறு யாரோ வழிகாட்டிய மாணவருக்கு இவர் இணை வழிகாட்டி என்று எங்கிருந்தாவது ஒரு சான்று முளைக்கும். அது போக, எழுதியது யார்? பட்டம் கிடைக்காத மாணவி. பொறாமையில் செய்தாள் என்று ஒரே வரியில் ஊதித் தள்ளிவிடுவார்கள். அவர் வாயாலே வர வேண்டும், அவர் கையாலே வர வேண்டும். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு வாரம் பெரிதல்ல.

எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் அனுப்பும் வழக்கமான கடிதத்தை அவருக்கும் அனுப்பினாள். தங்கள் விண்ணப்பத்தின் தொண்ணூற்றோராம் பக்கம், பத்தாம் இனத்துக்கான பட்டச் சான்றிதழின் நகல் இணைக்கப்படவில்லை. ஏழு நாட்களுக்குள் விவரம் தருக. ஒரு சொல் கூடுதலாக இல்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் இரண்டு பக்கமும் சமன் செய்து பார்க்கிற ஆள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பரணில் இருந்த அந்த நாலு பெட்டியைக் கல்யாணமான புதிதில் என்ன இது என்று அவர் கேட்டதற்கு, வரதட்சணை என்று அவள் பதில் சொல்லியிருந்தாள். திறந்து பார்த்தால் களக் குறிப்பேடுகள், கிணற்று வாரியாக. அன்றிலிருந்து வீடு மாறும்போதெல்லாம் அவர்தான் அதைச் சுமந்திருக்கிறார்.

"சரி, அந்த ஆள் வரலன்னு வெச்சுக்க. அப்ப என்ன பண்ணுவ?"

"வருவாருங்க. அவருக்கு ஒண்ணு குறையுது. ஒண்ணு குறைஞ்சா அவருக்குத் தூக்கம் வராது."

"வந்து கால்ல விழுந்தா?"

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி, விழுந்தால் கொஞ்சம் நகர்ந்து நில், உனக்கு முழங்கால் வலி இருக்கிறது என்றார். இருவரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பு முதலில் நின்றது. இது முடிந்த பிறகாவது அந்தப் பெட்டிகளை இறக்கிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டார். பார்க்கலாம் என்றாள்.

மூன்றாம் நாள் மதியம் டீன் வந்தார். உதவியாளரை அனுப்பவில்லை, அவரே வந்தார். நியமனப் பிரிவின் கதவைத் தாண்டி அவர் உள்ளே வந்து யாரும் பார்த்ததில்லை. எந்த நாற்காலியில் உட்காருவது என்று ஒரு நிமிஷம் தடுமாறினார். அவள் எழுந்து நின்று தன் எதிரில் இருந்ததைக் காட்டினாள். அவள் அனுப்பிய கடிதம் அவர் கையில் இருந்தது.

முதலில் பிரிவைப் புகழ்ந்தார். இந்தக் கட்டடத்தில் வேலை நடக்கிற ஒரே இடம் இதுதான் என்றார். பிறகு குரலை இறக்கினார். அந்தப் பத்தாவது மாணவி ரொம்பப் பழைய ஆள், நல்ல பொண்ணு, ஆனால் தொடர்பு விட்டுப்போச்சு, பட்டம் வாங்காமலே போனதாகக்கூட இப்போது துறையில் சொல்கிறார்கள், ஏதோ குழப்பம். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று உங்கள் பதிவேடுகளில் பார்த்துச் சொல்ல முடியுமா? பேசி ஒரு கடிதம் வாங்கிவிட்டால் சுமுகமாகப் போய்விடும்.

"கண்டுபிடிக்கலாம் சார்," என்றாள் அவள். "ரொம்பத் தூரம் போகல. உங்களுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கு."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். எதிர் மேசையில் பேனா ஓடுகிற சத்தம் நின்றது. அவர் முகத்தில் ஒன்று வந்து போனது. பயமென்று சொல்ல முடியாது, ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டவரின் எரிச்சல். உடனே அதைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு நினைவிருந்தது.

"அட, நீயா! உப்பு! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை நாளா இங்கயேவா இருக்க?"

இங்கேயேதான் இருக்கிறேன், நீங்கள்தான் எனக்குச் சான்றிதழ் கொடுத்தீர்கள் என்றாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் தனக்கு எவ்வளவு நெருக்கடி என்று சொன்னார். ஆய்வேடு நன்றாகத்தான் இருந்தது என்றார். கையெழுத்துப் போட நினைத்து நினைத்துத் தள்ளிப்போனது என்றார். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நிர்வாகத் தவறால் நின்றுபோன ஆய்வேடுகளைப் பின்தேதியிட்டு ஏற்க விதியில் இடமிருக்கிறது. வழிகாட்டி எழுதிக் கொடுத்தால் போதும். துணைவேந்தர் ஒப்புதல் தர வேண்டும்.

"துணைவேந்தர் யாருன்னு நினைக்கிற?" என்று கேட்டுவிட்டுக் கைகளை விரித்தார். "உனக்குப் பட்டம், எனக்குப் பட்டியல். ரெண்டு பேருக்கும் நியாயம்."

இதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. காலில் விழுவார், மிரட்டுவார், தெரியாது என்பார் என்று எத்தனையோ நினைத்துப் பார்த்திருந்தாள். பட்டத்தைத் தூக்கி மேசையில் வைப்பார் என்று நினைக்கவில்லை. விதி உண்மையாகவே இருந்தது. எண் அவளுக்கே தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் பெயருக்கு முன்னால் முனைவர். அக்காவிடம் சொல்லலாம். பெட்டிகளை இறக்கலாம்.

எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். எழுத்தில் எதற்கு, நமக்குள்ளே என்ன.

"ஆறு வருஷம் வாய்வார்த்தையா கேட்டேன் சார்."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துக்காக ஆட்கள் வந்து நிற்பதைப் பார்த்தவர். இவளும் அதில் ஒருத்தி என்பது அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தேதி போட்டார். பெறுநர் என்று எழுதி ஆய்வுப் பிரிவு என்று போட்டார். அடுத்த வரியில் அவருடைய கை தானாக ஓடியது. முப்பத்தைந்து வருஷமாக அலுவலகக் கடிதம் எழுதிய கை. எந்தக் கடிதத்துக்கு மேலும் 'பார்வை' என்று ஒரு வரி இருந்தே தீர வேண்டும்; எதற்குப் பதிலாக இதை எழுதுகிறோம் என்று சொல்ல வேண்டும். எதிரில் அவளுடைய கடிதம் விரித்துக் கிடந்தது. பார்வை: நியமனப் பிரிவின் கடிதம், எண் இன்னது, தேதி இன்னது. அதைப் பார்த்துப் பார்த்து ஓர் எழுத்துக்கூடத் தவறாமல் எழுதினார்.

அவள் அந்த வரியைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். ஆய்வுப் பிரிவுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்தது, அவர் அறியாமலே நியமனப் பிரிவுக்கான பதிலாகிவிட்டது.

அவர் நிதானமாக எழுதினார். இம்மாணவி இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகளில் நான்கு ஆண்டுகள் தானே திரட்டிய தரவுகளைக் கொண்டு எழுதிய ஆய்வேடு முழுமையானது, பட்டத்துக்குத் தகுதியானது. என் கவனக்குறைவால் கையெழுத்திடப்படாமல் போயிற்று. இதுவரை வழங்கப்படாத பட்டத்தைப் பின்தேதியிட்டு வழங்கப் பரிந்துரைக்கிறேன். கீழே அந்தக் கையெழுத்து. பெரிய சுழி, அடியில் இரண்டு கோடு. அந்த வாசலில் நின்ற வருஷம் முழுக்க அவள் பார்க்கக் கிடைக்காத கையெழுத்து. அவளுக்குக் கண் கலங்கியது; அது தனக்கே பிடிக்கவில்லை.

ஒரே தாள். மடித்துப் பைக்குள் வைத்தால் பட்டம். கோப்பில் வைத்தால் அவர் போனார். அவரோடு பட்டமும் போய்விடும், ஏனென்றால் பதவிக்காக எழுதிய பரிந்துரையை யாரும் ஏற்க மாட்டார்கள். அவள் தாளைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் பேனாவை மூடினார். பட்டியலை இன்றைக்கே சரிபார்த்துக் குழுவுக்கு அனுப்பிவிடச் சொன்னார்.

"உன் விஷயம் எனக்கு முக்கியம். ஆய்வுப் பிரிவுல நானே பேசுறேன். நாளைக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தாள். மை ஒற்றியை ஒரு தடவை அழுத்தி, தாளின் வலது மேல் மூலையில் குத்தினாள். சிவப்புப் பேனாவால் எழுதினாள்: நூற்று நாற்பத்தேழு.

அவருக்கு முதலில் புரியவில்லை. சிரித்துக்கொண்டே என்னம்மா இது என்றார்.

"எங்க கடிதத்துக்கு நீங்க கொடுத்த பதில் சார். பார்வை போட்டிருக்கீங்களே."

அவர் கை தாளை நோக்கி நீண்டது. அது அதற்குள் எதிர் மேசைக்குப் போயிருந்தது. கண்ணாடி அண்ணன் கண்ணாடியை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, வரவுப் பதிவேட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: விண்ணப்பதாரரே நேரில் அளித்தது, ஒரு தாள், கைப்பட எழுதியது.

"அதைக் கொடுங்க. அது இந்தம்மாவுக்கு எழுதினது."

"ஐயோ, ஏறிடுச்சே சார். என் மருந்துச் சீட்டையே இந்தம்மா திருப்பித் தரல," என்றார் அண்ணன்.

டீன் எழுந்து நின்றார். நீ வேலையில் இருக்க மாட்டாய் என்றார். பட்டமும் போச்சு, தெரிகிறதா, உன் கையாலேயே கெடுத்துக்கொண்டாய் என்றார். அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரியும். கதவுவரை கூடவே போய்த் திறந்துவிட்டாள்.

"பழுக்கட்டும்னு சொன்னீங்க சார். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, பழுத்துடுச்சு," என்றாள். "பார்த்துப் போங்க, வாசப்படி உசரம்."

அவர் போன பிறகு பதிவாளருக்கு இரண்டு வரிக் குறிப்பு எழுதினாள். தொண்ணூற்றோராம் பக்கத்தின் பத்தாம் பெயர் என்னுடையது. எனவே இக்கோப்பின் சரிபார்ப்பிலிருந்து என்னை விடுவிக்கக் கோருகிறேன். இனி அதில் அவளுடைய கை படாது. பொறாமை என்று சொல்ல வருகிறவன் அந்தக் குறிப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். சரிபார்ப்பு கண்ணாடி அண்ணனுக்குப் போனது. அவர் தாள்களை நூலில் கோத்து, முடிச்சுப் போட்டு, அரக்கு வைத்து அனுப்பினார்.

அந்த ஏழு நாளில் டீன் சும்மா இருக்கவில்லை. பத்தாவது பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட அனுமதி கேட்டார். நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை ஏற்றுக்கொண்ட பிறகு தொண்ணூற்றொன்றைத் தட்டச்சுப் பிழை என்று சொல்ல முடியாது என்று பதிவாளர் கையை விரித்துவிட்டார். கடிதமே தன்னுடையதில்லை என்று சொல்லிப் பார்க்கலாமா என்றும் யோசித்தாராம். எழுதியது அவர் கை, பேனா அவர் பேனா.

குழு கூடிய அன்று அவள் உள்ளே இல்லை. அண்ணன் கோப்போடு கதவோரம் நின்றார். நடந்ததை வந்து சொன்னவர் அவர்தான். மூன்று உறுப்பினர்கள். வெளியிலிருந்து வந்தவர் ஓர் அம்மாள், வேதியியல் பேராசிரியர், அதிகம் பேசாதவர். கோப்பில் இரண்டே இடத்தில் காகிதத் துண்டு வைத்திருந்தார். தொண்ணூற்றோராம் பக்கத்தில் இந்த மாணவி பட்டம் பெற்றதாகச் சொல்கிறீர்கள். நூற்று நாற்பத்தேழில் இதுவரை வழங்கப்படாத பட்டம் என்கிறீர்கள். இரண்டும் உங்கள் கையெழுத்துத்தான். எது சரி?

நினைவுப் பிசகு என்றார் டீன். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். தன் பைக்குள்ளிருந்து டீனின் புத்தகத்தை எடுத்தார். அந்த அம்மாளே தன் மாணவர்களுக்குப் பல வருஷம் பாடமாக வைத்த புத்தகம். நாற்பத்து மூன்றாம் பக்க அட்டவணையைத் திறந்து, இருநூற்றுப் பன்னிரண்டு கிணறு, நாலு வருஷம் என்று விரலால் காட்டினார். இதை 'தானே திரட்டியது' மாணவி என்று போன வாரம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்தப் புத்தகத்தில் அவர் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

டீன் தண்ணீர் கேட்டாராம். கொடுத்ததைக் குடிக்கவில்லையாம். அண்ணன் இதை மூன்று தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் தம்ளர் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் நாலாவது தடவையும் கேட்டாள்.

உடல்நிலை காரணமாக அவர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக மறுநாள் அறிவிப்பு வந்தது. வேறொருவர் துணைவேந்தர் ஆனார். அவருடைய குறிப்பும் முப்பது பக்கக் குழுக்கள்தான். அவள் பட்டத்துக்கான பரிந்துரையை நோக்கம் கருதி ஏற்க இயலாது என்று ஆய்வுப் பிரிவு ஒரு வரியில் எழுதியது. அது வரும் என்று தெரிந்திருந்தும், அந்தத் தாளை அவள் மதியம்வரை மேசையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் எண் போட்டாள்.

எட்டு மாதம் கழித்து டீன் ஓய்வு பெற்றார். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தயாரித்துத் தரும்படி நியமனப் பிரிவுக்கு உத்தரவு வந்தது. அண்ணன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இல்லை, நானே செய்கிறேன் என்று அவள் வாங்கிக்கொண்டாள். தங்கப் பதக்கத்தை விட்டுவிடவில்லை. வெளிநாட்டு ஆய்வு, துறைத் தலைமை, டீன் பதவி, குழுக்கள் எல்லாவற்றையும் தேதியோடு போட்டாள். ஒன்றையும் குறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. பழைய குறிப்பில் 'பத்து முனைவர் பட்டங்களுக்கு வழிகாட்டியவர்' என்று இருந்தது. பத்தை அழித்து ஒன்பது என்று அடித்தாள். அந்த ஓர் எண்ணுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை அண்ணன் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் கணவர் பரணுக்கு ஏணி வைத்துக்கொண்டு நின்றார். இப்போதாவது இறக்கலாமா என்று கேட்டார். இறக்குங்கள் என்றாள். அவர் முகம் மலர்ந்தது. நாலு பெட்டியையும் இறக்கித் தூசு தட்டி, பழைய பேப்பர்காரரைக் கூப்பிடட்டுமா என்றார்.

"எதுக்குங்க? அந்தப் புத்தகம் இன்னும் கடையில இருக்கு. பதிப்பகத்துக்கு எழுதணும். இதே கிணத்துக் கணக்கை வெச்சு அவரு எழுதின கட்டுரை ரெண்டு இருக்கு, அந்த ரெண்டு பத்திரிகைக்கும் எழுதணும்."

"அதான் அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டாரேம்மா. இன்னும் என்ன?"

அவள் முதல் பெட்டியைப் பிரித்து, ஒன்றாம் கிணற்றின் குறிப்பேட்டை எடுத்தாள். மை வெளுத்திருந்தது, எண்கள் தெளிவாகத்தான் இருந்தன. பக்கங்களின் மூலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"வீட்லதானே இருக்காரு," என்றாள். "முகவரி தெரியும்."

முதல் பக்கத்தின் வலது மேல் மூலையில் ஒன்று என்று எழுதினாள்.